அரை வேட்டி

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்கு மடத்துக்கு வந்த மூட்டையை அவிழ்த்தபோதே இரண்டு காதும் சிவந்துவிட்டன.

"பாருங்க சாமி, இந்த அநியாயத்தைப் பாருங்க! இதுக்குப் பேரு தானமாம்!"

மூட்டைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒற்றைக் கால் சாக்ஸ் ஒன்று. பொத்தானையெல்லாம் பத்திரமாக அறுத்து எடுத்துக்கொண்ட சட்டை. கொக்கி பிடுங்கிய ரவிக்கை. போன தேர்தலுக்குக் கட்டிய கட்சிக் கொடி. அடியில், பளபளவென்று, நாலைந்து பொன்னாடைகள்.

"பொத்தானை அறுத்து வச்சுக்கிட்டுச் சட்டையைக் குடுத்திருக்கானுங்க. இவனையெல்லாம் என்னங்க பண்றது?"

பூவாத்தாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நம்மகிட்டப் பொத்தான் இருக்குதுங்களேண்ணா."

"அதுங்களா சாமி கேள்வி? இந்த ஊருக்கு எப்பத்தான் வெக்கம் வரும், அதைச் சொல்லுங்க."

பூவாத்தாள் கோத்த ஊசியை அவர் கையில் கொடுத்தார். பொத்தான் டப்பாவையும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் பதில். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அந்தச் சாமிக்குக் கிடையாது. சென்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டே பொத்தான் தைக்க உட்கார்ந்தார்.

இந்த இரண்டு பேரையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஊரின் மேற்குப் பக்கம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன மடம் இருக்கிறது. ஒட்டுத்துணி மடம் என்று பேர். அதை ஆரம்பித்த சாமியார் வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்க மாட்டாராம், துண்டுத் துணி கேட்பாராம். கிடைத்ததை ஒட்டுப் போட்டுத் தைத்து, குளிரில் கிடக்கிறவர்களுக்குப் போர்த்திவிட்டு வருவாராம். அவருக்குப் பின்னால் வந்த சாமிகளில் இப்போது இருப்பவர் பூவாத்தாள். வயது நாற்பதுக்குப் பக்கம். சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுள்ள ஒருத்தரைக் குருவாக வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்களை அவர் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் யாரும் அவர் முன்னால் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் மடத்துத் தகரக் கொட்டகையில் பட்டறை நடக்கும். பழைய துணியை வைத்து என்னென்ன செய்யலாம் என்று வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். ஜீன்ஸ் பேன்ட்டைப் பையாக்கலாம். டீ-சர்ட்டை நாடா நாடாவாகக் கிழித்து மிதியடி பின்னலாம். சேலையை மடித்துத் தைத்தால் போர்வை. பனியன் கம்பெனிப் பெண்கள் வருவார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பெண்கள் வருவார்கள், கல்லூரிப் பெண்களும் வருவார்கள். கல்லூரிக்காரர்கள் இதற்கு 'சஸ்டெய்னபிள் ஃபேஷன்' என்று பேர் சொன்னார்கள். சென்னியப்பன் வாயில் அது நுழையவில்லை. "நம்ம கிழிசல் கிளாஸு" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

ஆனால் மடத்தின் முக்கியமான வேலை பையும் மிதியடியும் இல்லை, பிள்ளைத்துணி.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது நம் பக்கத்து வழக்கம். புதுசின் கஞ்சி மொடமொடப்பை அந்தத் தோல் தாங்காது. பல காலம் கட்டி, பல தடவை துவைத்து, நைந்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டியில்தான் முதலில் சுற்றுவார்கள். புதுச்சட்டை எல்லாம் கொஞ்ச நாள் கழிந்த பிறகுதான். அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிற ஏழைப்பட்ட பெண்கள் பலரிடம் அந்தப் பழைய வேட்டிகூட இருக்காது. மடத்தில் வேட்டிகளை வாங்கி, கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, ஓரம் அடித்து அனுப்புவார்கள். பிரசவ வார்டு நர்ஸ் எஸ்தர் வந்து எடுத்துப் போவார்.

அந்த எஸ்தர்தான் அந்த மாதம் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"போன வாரம் செங்கல் சூளையில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சுங்கண்ணா. மாத்துத் துணி ஒண்ணு இல்லை. புள்ளையை அவ தலையில கட்டியிருந்த துண்டுல சுத்தினேன். உதறி உதறிப் பாக்கறேன், செம்மண்ணு போக மாட்டேங்குது."

சென்னியப்பனுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. மூட்டை வந்தால் ஓடிப்போய் அவிழ்ப்பார். துணியை எடுத்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். பருத்தியாக இருந்தால் சொட்டை அப்படியே குடித்துவிடும். மற்றதெல்லாம் உருட்டிக் கீழே தள்ளிவிடும். அந்த மாதம் முழுக்க உருண்டு ஓடிய தண்ணீரைத்தான் பார்த்தார். பருத்தி வேட்டியையெல்லாம் ஊரில் பைக் துடைக்க வைத்துக்கொண்டார்கள். மடத்துக்கு வந்ததெல்லாம் பாலியெஸ்டரும் பொன்னாடையும்தான்.

அந்தப் பொன்னாடையைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நியாயமான கோபம்தான். இந்த ஊரில் காது குத்துக்குப் பொன்னாடை, கடை திறந்தால் பொன்னாடை, கட்சியில் சேர்ந்தால் ஒன்று, கட்சி மாறினால் இன்னொன்று. போர்த்தியவர் கையை எடுக்கும் முன்னாலேயே, போர்த்திக்கொண்டவர் உருவிப் பின்னால் நிற்கிறவரிடம் தள்ளிவிடுவார். குளிருக்கு ஆகுமா என்றால் ஆகாது. ஈரம் துடைக்க ஆகாது. இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருண்டுகொள்ளும். ஒரு மனுசன் உடம்பில் ஒரு நிமிஷம் இருப்பதற்காக ஒரு துணியை நெய்வார்களா? நெய்கிறார்களே!

இந்த நிலைமையில்தான் நாச்சிமுத்து வந்தார்.

நாச்சிமுத்துவுக்கு ஊரில் மூன்று ஜவுளிக் கடைகள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத நடை. மடத்து வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"சாமி, புள்ளைத்துணிக்கு வேட்டி கிடைக்கலையாமே? என்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா? ஒருதடவ கட்டின வேட்டிய நான் மறுதடவ கட்டறதில்லை, ஊருக்கே தெரியும். எல்லாம் சுத்தப் பருத்தி, நாலு தடவ கொதிக்க வச்சா மெத்துன்னு ஆயிரும். வீட்டுல மலையாட்டம் கெடக்குது."

எஸ்தரும் அப்போது அங்கே இருந்தார். கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

"ஆனா ஒண்ணு," என்றார் நாச்சிமுத்து. "சும்மா குடுத்தா நல்லா இருக்காதுங்க. ஒரு விழா வச்சு, நாலு பேருக்குத் தெரியறாப்பல குடுக்கோணும். என்னைப் பாத்து ஊருல நாலு பேரு குடுப்பாங்கல்ல?"

"வைங்க," என்றார் பூவாத்தாள்.

அவர் போனதும் சென்னியப்பன் கேட்டார்.

"எதுக்கு சாமி ஒத்துக்கிட்டீங்க? வேட்டி குடுக்கறதுக்கு மேடை எதுக்குங்க?"

"வேட்டி வந்தாச் சரிங்கண்ணா."

விழா நடந்தது. அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! பழையதைப் போற்றுவோம் என்று புத்தம் புது பிளெக்ஸ் பேனர், கொட்டகையை மறைக்கிற அளவுக்கு. வந்த எல்லோருக்கும் அதே வாசகம் அச்சடித்த புது டீ-சர்ட். அப்புறம் பொன்னாடை ஆரம்பித்தது. நாச்சிமுத்துவுக்கு வியாபாரிகள் சங்கம் போர்த்தியது. சங்கத் தலைவருக்கு நாச்சிமுத்து போர்த்தினார். செயலாளருக்குத் தலைவர், தலைவருக்குப் பொருளாளர், மைக்செட்காரருக்குக்கூட யாரோ ஒருத்தர். பூவாத்தாள் தோளில் விழுந்ததை அவர் மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் ட்யூட்டி மாற்றிக்கொண்டு, கையில் பெரிய பையோடு வந்திருந்தார்.

கடைசியில் அட்டைப் பெட்டிகள் மேடைக்கு வந்தன. நாச்சிமுத்துவே பிரித்தார். உள்ளேயிருந்து எடுத்து இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

பொன்னாடை. குழந்தை அளவுக்கு வெட்டித் தைத்த குட்டிப் பொன்னாடை! மஞ்சளில், சிவப்பில், பச்சையில். சுற்றிலும் சரிகை. ஒரு மூலையில் 'அன்பளிப்பு: நாச்சிமுத்து' என்று அச்சு.

கைதட்டல் கிளம்பியது.

எஸ்தர் ஒன்றை வாங்கித் தடவிப் பார்த்தார். "ஐயோ, இது புள்ளைக்குக் குத்துமேங்க," என்று மெதுவாகச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

சென்னியப்பனுக்குக் கேட்டது. எழுந்துவிட்டார்.

"வேட்டி எங்கீங்க?"

நாச்சிமுத்து சிரித்தார். "அதுங்களா? வீட்டுல ஒரு பேச்சு வந்துச்சு. கட்டின துணி வெளிய போனா அதிர்ஷ்டமும் கூடப் போயிருமுன்னு ஜோசியர் சொல்லிட்டாருங்க. எப்பவும் அமாவாசைக்கு அமாவாசை மொத்தத்தையும் எரிச்சுப்போடறதுதான். அதே மாதிரி எரிச்சாச்சு. பழசைக் குடுத்தேன்னு எனக்கு ஒரு பேரு வேணுங்களா? அதான் புதுசாவே அடிச்சுட்டேன்."

"எரிச்சீங்களா?"

"ஆமாங்க."

"பருத்தி வேட்டியை?"

"எங்க வீட்டுல எல்லாத் துணியும் அப்படித்தானுங்க. பொம்பளைங்க சீலைகூட."

அதற்கு மேல் சென்னியப்பனால் முடியவில்லை. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்.

"அங்க புள்ளைங்க செம்மண்ணுத் துண்டுல கெடக்குதுங்க! நீங்க இங்க வேட்டியை எரிச்சுப்போட்டு வந்து சிரிக்கறீங்களா? உங்க பேரைப் போத்திக்கறதுக்கா அதுங்க பொறந்துச்சு? மனுசனாங்க நீங்க?"

கைதட்டல் நின்றுவிட்டது. நாச்சிமுத்துவின் முகம் கறுத்தது.

"கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்தறீங்களா? இனி இந்த மடத்து வாசப்படிய மிதிச்சா எம் பேரு நாச்சிமுத்து இல்லை."

அவர் இறங்கிப் போனார். பின்னாலேயே சங்கம் போனது. சாப்பாடு அவர் செலவு என்பதால் அண்டாவும் போனது. எஸ்தர் காலிப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அந்தப் பையைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

பூவாத்தாள் சிதறிக்கிடந்த குட்டிப் பொன்னாடைகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"நீங்கதான் கேட்டுட்டீங்களேண்ணா."

"நான் கேட்டது தப்புங்களா?"

"தப்புன்னு சொல்லலீங்களே."

"அப்ப சரிதானுங்களே?"

பூவாத்தாள் மடித்ததை ஓரமாக வைத்தார். "எஸ்தரம்மா பை காலியாப் போகுதுங்கண்ணா," என்றார்.

சென்னியப்பன் அன்றைக்கே வீட்டுக்குப் போய், தன் பெட்டியைக் கவிழ்த்து, இருந்த பழைய வேட்டிகளையெல்லாம் எடுத்து வந்து மடத்து வெந்நீர் அண்டாவில் போட்டார். அக்கம்பக்கத்து வீடுகளில் சண்டை போட்டு இன்னும் சிலதைப் பிடுங்கி வந்தார். பைக் துடைக்கிற வேட்டியைக்கூட விடவில்லை. அதெல்லாம் எஸ்தரிடம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த வேகத்தில் தீர்ந்தும் போனது.

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, காலையில் குப்பை வண்டி மடத்துக்கு வெளியே நின்றது. வண்டிக்காரர் ராக்கியப்பன் இறங்கி, வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கூப்பிட்டார்.

"அய்யா... அய்யா..."

சென்னியப்பன் போனார்.

"உள்ள வாங்களேன்."

"இல்லீங்க, வேலைத் துணியோட இருக்கறேன்." கக்கத்திலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். "விழா அன்னைக்குச் சாப்பாட்டு இலை அள்ள வந்து நின்னப்ப நீங்க பேசுனதைக் கேட்டனுங்க. இது எங் கல்யாண வேட்டிங்க. ரொம்ப நாளு கட்டிட்டேன். துவைச்சு, நீலம் போட்டு வச்சிருக்குது. பழசுதானுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

சென்னியப்பன் பிரித்துப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி இருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு விழுந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விட்டது.

"இதைத்தானுங்க தேடிக்கிட்டிருந்தேன்," என்றார்.

"ஒண்ணே ஒண்ணுங்க அய்யா. எம் பேரைச் சொல்ல வேண்டாங்க."

"ஏனுங்க? நாலு பேருக்குத் தெரியட்டுமே! அந்த நாச்சிமுத்துவுக்குத் தெரியட்டுமே!"

"வேண்டாங்க." ராக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "யாரு கட்டுனதுன்னு தெரிஞ்சா சுத்த மாட்டாங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா? புள்ளைக்கு மெத்துன்னு இருந்தாச் சரி. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சென்னியப்பனின் காது சிவந்தது. இந்தத் தடவை யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றார். மொத்த ஊர்மேலும் வந்தது.

"சத்தியமாச் சொல்ல மாட்டனுங்க," என்றார்.

வண்டி போய்விட்டது. அவர் அந்த வேட்டியைத் தன் கையாலேயே கொதிக்க வைத்தார். பக்கத்திலேயே நின்று காய வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொட்டகை நிறைய ஆட்கள். கல்லூரிப் பெண்கள் பழைய குடைத்துணியில் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கைப்பிடியை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் ஓரமாக உட்கார்ந்து அந்த வேட்டிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மடத்தில் அப்போது மீதியிருந்த பிள்ளைத்துணி அது ஒன்றுதான்.

எஸ்தர் போனில் கூப்பிட்டார். "அண்ணா, சூளையில இருந்து இன்னொரு பொண்ணு வந்திருக்குதுங்க. வலி எடுத்துருச்சு. ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா. நல்லதா ஒண்ணு இருக்குது. வாங்க."

போனை வைத்தார். வாசலில் கார் ஒன்று கிறீச்சென்று நின்றது.

இறங்கியவர் நாச்சிமுத்து.

செருப்பைக்கூடக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வேட்டி மட்டும் வழக்கம்போல மொடமொடவென்று புதுசு. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு குட்டிப் பொன்னாடை. மடத்து வாசப்படியில் ஒரு கணம் தயங்கினார். அப்புறம் மிதித்து உள்ளே வந்தார்.

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சாமி," என்றார். "எம் பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்குதுங்க. முக்குல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரியில. இன்னும் நாள் இருக்குதுன்னு இருந்தோம், திடீருன்னு ஆயிருச்சு. பேத்தி."

"நல்லதுங்க. தாயும் புள்ளையும் சுகந்தானுங்களே?"

"சுகந்தானுங்க. ஆனா..." கையிலிருந்ததைப் பார்த்தார். "அவசரத்துக்குக் கார்ல கெடந்த இதைத்தான் சுத்தினோம். சரிகை கன்னத்துல கீறிருச்சு. அழுகைய நிறுத்த மாட்டேங்குது. பழைய வேட்டி கொண்டான்னு எம் பொஞ்சாதி கத்தறா. வீட்டுல ஒரு பழைய துணி இல்லீங்க சாமி. சொந்தக்காரங்ககிட்டக் கேட்டா ஊரே சிரிக்கும். மூணு கடை வச்சிருக்கறேன். பழசா ஒண்ணு எங்கயும் இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு குடுங்க, என்ன விலைன்னாலும்..."

"விலையா!"

சென்னியப்பன் எழுந்து நின்றிருந்தார். வேட்டியை மார்போடு பிடித்திருந்தார்.

"இல்லீங்க. இங்க ஒண்ணும் இல்லை."

"உங்க கையில..."

"இது உங்களுக்கில்லை! மலையாட்டம் கெடக்குதுன்னீங்களே, எங்க அது? எரிச்சீங்கல்ல? போங்க, அந்தச் சாம்பலை அள்ளிட்டு வந்து சுத்துங்க!"

பிறந்து ஒரு பொழுது ஆகாத குழந்தையைப் பற்றிச் சொல்கிற வார்த்தையா அது? சொன்னவருக்கே வாய் கசந்தது. ஆனால் கோபம் வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அவரால் நிறுத்த முடியவில்லை. மேடையிலே கறுத்த நாச்சிமுத்துவின் முகம் இப்போது வெளுத்துக் கிடந்தது.

சென்னியப்பன் குருவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க சாமி. இது சூளைக்காரப் பொண்ணோட புள்ளைக்குன்னு வச்சிருக்குது. எஸ்தரம்மா வந்துக்கிட்டே இருக்காங்க. இதைத் தூக்கி இவருக்குக் குடுக்கறதுங்களா? அந்தக் குழந்தை யாரு வீட்டுக் குழந்தைன்னு நினைச்சுப் பாருங்க! யாரோட பேத்தி அது?"

பூவாத்தாள் எழுந்து வந்தார். கையை நீட்டினார். சென்னியப்பன் தயங்கித் தயங்கி வேட்டியைக் கொடுத்தார்.

பூவாத்தாள் அதை நீளவாக்கில் பிடித்து மடித்து, நடுவைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

நைந்த பருத்தி நேராகக் கிழிந்தது. கொட்டகை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. சென்னியப்பன் "ஐயோ" என்றுவிட்டார்.

"ஒரு புள்ளைக்கு அரை வேட்டி போதுங்கண்ணா," என்றார் பூவாத்தாள்.

ஒரு பாதியை மிஷின் மேல் வைத்தார். "இது எஸ்தரம்மாவுக்கு." இன்னொரு பாதியை மடித்துச் சென்னியப்பன் கையிலேயே திரும்ப வைத்தார். "இதை நீங்களே குடுங்க."

"நானுங்களா?"

"நீங்கதானுங்க."

எல்லோரும் சென்னியப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை பெரிய பாரம் தூக்குவது போல மெதுவாக எழுந்தது. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நீட்டினார்.

நாச்சிமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விரலால் தடவினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை துணி விற்ற மனுசன், இப்படி ஒரு துணியைத் தொட்டு எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

இரண்டு எட்டு வைத்து வாசல் வரைக்கும் போனார். நின்றார். திரும்பினார்.

"சாமி..." குரலைத் தாழ்த்தினார். "கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பச்சைப் புள்ளை பாருங்க. இது... யாரு கட்டின வேட்டிங்க?"

சென்னியப்பனின் காது இரண்டும் ரத்தமாய்ச் சிவந்தன.

பேர் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிடலாம். யார், என்ன வேலை, எந்தத் தெரு, எல்லாம் சேர்த்து அந்த மொடமொட வேட்டியின் மேல் எறிந்துவிடலாம். எறிந்தால் அந்த முகம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க என்று வேலிக்கு அந்தப் பக்கம் தலை குனிந்து நின்ற மனுசன் நினைவுக்கு வந்தார். அவருக்குச் சத்தியம் செய்திருந்தார். அப்படியும் வாய் திறந்துவிட்டது.

பூவாத்தாள் அவர் தோளில் கை வைத்தார். நாச்சிமுத்துவைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த அண்ணன் புள்ளை யாரோடதுன்னு கேட்டாரு. நீங்க வேட்டி யாரோடதுன்னு கேக்கறீங்க. புள்ளை இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்க. அது கேக்கக் கத்துக்கறதுக்குள்ள கொண்டுபோய்ச் சுத்துங்க."